கட்டம் பதினேழு: கூடுதல் பொறுப்புகள்

திரையில் அந்தக் கட்டம்
ஒரு தீப்பெட்டி அளவு.
நானூற்றைம்பது எழுத்துக்கு மேல் நுழைய விடாது.
ஆங்கிலத்தில் கேட்கிறது;
நான் தமிழில் தேடி எடுத்து
ஆங்கிலத்தில் போடுகிறேன்.
பரங்கிமலையில் இரவு பத்தே கால்.
மீனம்பாக்கத்தில் இறங்கும் ஒவ்வொரு விமானமும்
என் சன்னல் கண்ணாடியை
ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது.

கேப்டன் ஜோடின்புயி. சிக்னல்ஸ்.
முதன்மைப் பணிக்கு ஒரு பக்கம் எழுதியாயிற்று:
கம்பி, அலைவரிசை, பயிற்சி, மதிப்பெண்.
அதில் சிரமமில்லை.
அதற்கான சொற்களைச் சலவை செய்து
மடித்தே வைத்திருக்கிறோம்.

இனி, குடியிருப்புத் தண்ணீர்.
மார்ச் முதல் செப்டம்பர் வரை.
யாரும் கேட்டு வாங்காத வேலை.
மூன்று பேரிடம் நீட்டினேன்,
மூவருக்கும் திடீரென்று முதுகு வலித்தது.
ஐஸாலில் கூரை மழையைத்
தொட்டியில் பிடித்து வளர்ந்தவள்
"லாரி எத்தனை மணிக்கு வரும் சார்?" என்றாள்.

'மிகச் சிறப்பாகச் செய்தார்.'
அழிக்கிறேன்.
போன வருடம் இதே சொற்களை
கேரம் போர்டு வாங்கி வந்தவனுக்கு எழுதினேன்.
'நன்று' என்றால் தில்லியில் 'சுமார்' என்று படிப்பார்கள்.
'மிக நன்று' என்றால் 'நன்று'.
பாலில் ஊற்றி ஊற்றி
பாத்திரத்தில் இப்போது பாலே இல்லை.

ஆகவே எண்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள்.
நாளைக்குப் பதினொரு லாரி, ஏழாயிற்று.
மிச்சம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.
புகார்கள் ஏப்ரலில் தொண்ணூறு, ஆகஸ்டில் நான்கு.
(நான்கில் மூன்று ஒரே சுபேதார்.)

எண்களுக்குத் தெரியாது,
மூங்கில் கழியில் நகப்பூச்சால் சிவப்புக் கோடிட்டு
விடிகாலை நாலரைக்குச் சம்ப்புக்குள் இறக்கி
ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று
டார்ச் அடித்துப் பார்த்தது.
மூன்றாம் மாடி ஹவில்தார் மாசிலாமணியின் மனைவி
இரட்டைப் பிள்ளைகளோடு வீடு வந்த வாரம்
அந்த பிளாக்குக்கு மட்டும்
மோட்டார் அரை மணி முன்னதாக ஓடியது.
பல்லாவரத்து லாரி
கால் டாங்க் குறைவாக வந்து நின்ற அன்று
அவள் பேசிய தமிழ்.
மொத்தம் மூன்று சொல். ஒன்றை எங்கேயும் எழுத முடியாது.

பிறகு, ஏப்ரல் பதினாறு.
வீடு வீடாகக் கணக்கெடுத்த தாளை
என் மேசையில் வைத்தாள்.
முதல் வரிசையில் என் வீடு.
புல்தரைக்கு மட்டும்
நாளொன்றுக்கு மூவாயிரம் லிட்டர்.
ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.
"மூடு" என்றேன்.
அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமானது என்று
அவள் எந்த நோட்டிலும் குறிக்கவில்லை.

மே மாதம் புல் செம்பட்டையாயிற்று.
ஆய்வுக்கு வந்த ஜெனரல்
"என்ன கர்னல், தோட்டக்காரன் ஓடிவிட்டானா?" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
அவள் பின்வரிசையில் நின்றிருந்தாள்.
பெயரைச் சொல்லியிருக்கலாம்.
ஐந்தே எழுத்து.

இப்போது தட்டுகிறேன்:
'வீணாகும் நீரைக் கண்டறிந்து
தலைமை அதிகாரியின் வீட்டிலிருந்தே
குறைப்பைத் தொடங்கினார்.'
படித்துப் பார்க்கிறேன்.
அவளுடைய அறிக்கையில்
என்னைப் பற்றி ஒரு வரி.
இதற்கு மேல் கையெழுத்திடப் போகிறவர்
அதே ஜெனரல்.

விரல் அழிக்கும் பொத்தானில் கொஞ்சம் இருந்தது.
எடுத்தேன்.

மீதம் பதினெட்டு எழுத்து.
ஒரு 'சிறப்பாக' சேர்க்க இடமிருக்கிறது.
காலியாகவே விடுகிறேன்.

வெளியே மோட்டார் போடுகிறார்கள்.
பதினொன்று இரண்டு.
இரண்டு நிமிடம் தாமதம்.
அவள் விடுப்பில் இருக்கிறாள்.