உள்ளே ஒரு ரயில்

ஐந்து நாளைக்கு ஒருதரம் வரும் ஒகேனக்கல் தண்ணீர்
அன்று ஆறேகாலுக்கு வந்தது.
இரண்டு குடமும் நிறைத்து மாடி ஏறுவதற்குள்
ஆடிக் காற்று என்னை முந்திப் போய்
கதவைச் சாத்திவிட்டது.

இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு.
"வெளியிலிருந்து யாரும் திறக்கக் கூடாது" என்று
போன மாதம் நானே கேட்டு வாங்கியது.
யாரும் என்றால் நானும்தான் என்று
கடைக்காரர் சொல்லவில்லை.

சாவி உள்ளே, அரிசி டின் மேல்.
சாவிக்குப் பக்கத்தில் போன்.
அடுப்பில் மொச்சை.
முதல் விசில்.

நைட்டிமேல் ஒரு துண்டு. காலில் செருப்பில்லை.
ஈரம் சொட்டும் இரண்டு குடங்களுக்கு நடுவே
மூன்றாவது குடம்போல் நின்றேன்.

பழையபேட்டையில் யோசனைக்குப் பஞ்சமில்லை.
ஜன்னலை உடை என்றது எதிர் மாடி.
ஃபயர் சர்வீஸைக் கூப்பிடு என்றார் பால்காரர்.
கீழ்வீட்டு முனிலட்சுமி பல் துலக்கிக்கொண்டே
"அவர்கிட்ட ஒரு சாவி இருக்குமே?"

"அவரு வெளியூரு."

காவேரிப்பட்டணம் வெளியூர்தான்.
பஸ்ஸில் அரை மணி நேரம்.

நாலாவது விசில்.

ட்ரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் அடித்திருந்தது:
சாவி செய்யப்படும், நயாஸ்.
ஒன்பது எண் தெரிந்தது.
பத்தாவதை யாருடைய கண்ணீர் அஞ்சலியோ மறைத்திருந்தது.
மன்னியுங்கள் ஐயா என்று
அவர் காதோரம் கொஞ்சம் கிழித்தேன்.
ஏழு.

ரவுண்டானாவிலிருந்து டிவிஎஸ்ஸில் வந்தான்,
மீசை இப்போதுதான் அரும்புகிற பையன்.
பையில் கம்பிகள், திருப்புளி,
யாருடையதோ ஒரு முழங்காலின் எக்ஸ்ரே.
பூட்டைத் தொடுவதற்கு முன் கேட்டான்:
"உங்க வீடுதானே? ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?"

இருக்கிறது. உள்ளே.
அதிலும் க/பெ மாதேஷ்,
அதிலும் காவேரிப்பட்டணம்.

"உள்ள குக்கர் கூவுதே, கேக்கலையா?"

"அடுப்பு யாருதா இருந்தாலும் எரியும்க்கா.
போன வருசம் ராயக்கோட்டை ரோட்டுல
ஒருத்தருக்கு வீட்டைத் தொறந்து குடுத்தேன்.
அவரு வீடே இல்ல அது.
ஸ்டேஷன்ல மூணு நாள் உக்கார வெச்சாங்க."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும்.
வரவில்லை.
மாதேஷ் வந்து நின்று
என் பொண்டாட்டி வீடு, திற என்றாலும்
இவன் இப்படித்தானே கேட்பான்!
ஆயிரத்தி அறுநூறு ரூபாய்ப் பூட்டு தராத தூக்கத்தை
இந்தக் கேள்வி தரும்போலிருந்தது.

சொன்னேன்:
அரிசி டின் நீலம். மூடி சிவப்பு, வேறு டின்னுடையது.
ஒரு தட்டு. டம்ளர் மட்டும் இரண்டு.
கொடியில் மாங்கூழ் ஆலையின் பச்சைக் கோட்டு,
இடது பையில் மஞ்சள் கறை, போகாது.
சமையலறைச் சுவரில், இடுப்பு உயரத்தில்
முன்னே குடியிருந்தவர்களின் பிள்ளை
கிரயானில் கிறுக்கிய ரயில்.
ஒன்பது பெட்டி.
ரயிலே வராத ஊரில் எதற்கென்று
அழிக்கத்தான் நினைத்தேன். அழிக்கவில்லை.

முனிலட்சுமி துலக்குவதை நிறுத்தியிருந்தாள்.

எக்ஸ்ரேயைக் கதவிடுக்கில் நுழைத்து
மேலிருந்து கீழே ஒரு இழுப்பு.
இருபது வினாடி ஆகியிருக்குமா?
அவ்வளவுதானா என் பூட்டு.

நான் அடுப்பை நிறுத்த ஓடினேன்.
அவன் வாசலைத் தாண்டவில்லை,
கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தான்.
"ரயில் இருக்கு" என்றான்.
இருநூறு வாங்கிக்கொண்டான்.
குடத்திலிருந்து ஒரு சொம்பு குடித்தான்.
"உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடுங்க.
இன்னொரு சாவிய யார்கிட்டயாவது குடுத்து வைங்க."

யார்கிட்டயாவது.
தாழ்ப்பாள் சுலபம், எண்பது ரூபாய்.

மொச்சை அடிப்பிடித்திருந்தது.
மேலாக அள்ளித் தின்றுவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.
பகலெல்லாம் பழங்களுக்கு நடுவே
முகங்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தேன்,
அழுத்தி, முகர்ந்து.

சாயங்காலம் சாவியை உள்ளங்கையில் வைத்து
கீழே இறங்கினேன்.
முனிலட்சுமி வீடு
ஆவென்று திறந்து கிடந்தது.
உள்ளே ஆள் இல்லை, டிவி பேசிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்று
அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.