ரசமட்டம்

டான்டினோங்கில், கூரைச் சட்டத்தின் மேல்
சுத்தியல் வழுக்கித் தெறித்த ஆணி
கேட்காமல் வலக்கண்ணுக்குள் போனது.

அன்றிரவே கிழிசலைத் தைத்தார்கள்,
மயிரிலும் மெல்லிய நூலால்.
பன்னிரண்டாம் நாள் உள்ளே வாயு நிரப்பி
"குப்புறக் கிட, விமானம் ஏறாதே" என்றார்கள்.

ஒரு வாரம் தரையோடுதான் பேச்சு.
வருகிறவர்களைக் காலுறையால் அறிந்தேன்.
ஓட்டைக் காலுறை ஸ்டாவ்ரோ.
சுத்தியல் அவனுடையது.
ஒன்றும் சொல்லாமல் நின்றான்;
பெருவிரல் மட்டும் உள்ளேயும் வெளியேயும்.

இன்று நிமிரலாம்.
கண்ணுக்குள் தளும்புகிறது ஒரு கோடு,
அதற்கு மேலே
பாலில் நனைத்தாற்போல் வெளிச்சம்.
இருபது வருடம் கையில் பிடித்த ரசமட்டம்.

தலையைச் சாய்த்தேன், கோடு சாயவில்லை.
வாடகை வீட்டுச் சன்னல்தான்
இரண்டு நூல் சரிவு.

ஸ்டாவ்ரோவைக் கூப்பிடுங்கள்.
சுத்தியலோடு வரட்டும்.