கடைசி வண்டி

நவம்பர் கடைசியில் இருந்து
ஸ்டூர்ஸ்கார் கணவாய்க்குச் சூரியன் வேலைக்கு வருவதில்லை.
நாங்கள் வருவோம்.
முன்னே பனி தள்ளும் இயந்திரம்,
அதன் பின்விளக்கைப் பற்றிக்கொண்டு வரிசையாய் வண்டிகள்,
எல்லாவற்றுக்கும் பின்னால்
மஞ்சள் விளக்கு சுழலும் ஒரு பழைய வேன்.
அதில்தான் எங்கள் தலைவி.

சுன்னிவாவுக்குக் கிடைத்த பதவிக்கு
நானும் விண்ணப்பித்திருந்தேன்.
பதினேழு குளிர்காலம் முன்னால் ஓட்டியவன்.
"தலை இருக்க வால் ஆடுகிறது" என்று
காப்பி நேரத்தில் சொல்லிச் சிரித்தேன்,
அவள் காதில் விழுகிற அளவுக்கு.
விழுந்தது.
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்:
"தோர்க்ரிம், உன் இடது துடைப்பான்
இன்னும் கீச்சிடுகிறதா?"

அந்த இரவு
கீழே தடுப்பருகில் பதினாலு வண்டிகள்.
கைப்பந்துச் சிறுமிகளின் பேருந்து,
நாய்கள் குரைக்கும் ஒரு ஜீப்,
கடைசியாய் லித்துவேனியாவுக்குப் போகிற மீன் லாரி.
"திற. காற்று இறங்கிவிடும்"
என்று அடித்துச் சொன்னவன் நான்.
வானிலைக்காரர்களை இரண்டு முறை கூப்பிட்டாள்.
என்னை மூன்று முறை கேட்டாள்.
திறந்தாள்.

காற்று இறங்கவில்லை.

பாதி ஏற்றத்தில்
கண்ணாடிக்கு வெளியே உலகமே இல்லை,
விளக்கு போகிற தூரம் வரை சுண்ணாம்பு.
வானொலியில் அவள் குரல் மட்டும்:
"பதினாலு இருக்கிறது. மெதுவாகப் போ.
பதினாலு. மெதுவாக."
ஏலக் கடையா இது என்று எரிச்சல்.
பிறகு, அதே குரலில்,
"பதினாலாவது நின்றுவிட்டது.
பதிமூன்றை நீ கூட்டிப் போ.
நான் இவரோடு இருக்கிறேன்."

எப்படிப் போக வேண்டும் என்று சொல்லவில்லை.
சீக்கிரம் வா என்றுகூடச் சொல்லவில்லை.
அந்த நம்பிக்கை எனக்குப் பிடிக்கவில்லை,
கனமாக இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன்.
வேனுக்குள் இரண்டு தூக்கப் பைகள்,
இரண்டு மூக்குகள்.
லாரிக்கார ரிம்விதாஸ் அவளுக்குத்
தன் மொழியில் எண்ணக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான்.
கெதுரியோலிகா என்றாள் என்னைப் பார்த்து.
பதினாலாம்.

அறிக்கையை மறுநாள் படித்தேன்.
'திறக்க முடிவெடுத்தவர்' கட்டத்தில் அவள் பெயர்.
'மீண்டும் மேலே ஏறியவர்' கட்டத்தில் என் பெயர்,
எல்லோரும் தப்பாக எழுதுகிற என் குடும்பப் பெயர்
ஒரு எழுத்துப் பிசகாமல்.
சொல்லச் சொன்னவன் நான்தானே என்று போய் நின்றேன்.
"கேட்டது உன்னிடம். திறந்தது நான்.
கதவைச் சாத்து, குளிருகிறது."

அவளைத் தேவதை என்று நினைக்க வேண்டாம்.
ஒரு முடிவெடுக்க மூன்று காப்பி குடிப்பாள்.
சம்பளப் பட்டியலை இருமுறை தாமதமாக அனுப்பினாள்.
தப்பான ராகத்தில் விசிலடிப்பாள், வானொலியை அணைக்காமல்.
ஒல்லே சண்டை போட்டபோது மட்டும்
முக்கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டாள்;
முடிவில் அவனுக்கே
எதற்குச் சண்டை என்று மறந்துவிட்டது.

பிப்ரவரியில் சூரியன் விடுப்பு முடிந்து வந்த வாரம்
அவள் விடுப்பில் போனாள்.
வேனின் சாவி என் மேசையில் கிடந்தது.
சூடேற்றியின் திருகைத் திருப்பினேன்.
திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது,
எதனோடும் இணைப்பில்லாமல்.
மெக்கானிக் தலையைச் சொறிந்தான்:
"மூன்று வருடமாக இப்படித்தான்.
புதிது ஒன்று வந்ததே,
முன்வண்டிக்குப் போடச் சொன்னாள்."

முன்வண்டி.
கையுறையைக் கழற்றி நான் ஓட்டிய வண்டி.

இப்போது முன்னால் ஒல்லே போகிறான்,
கொஞ்சம் வேகமாக.
என் மூச்சு கண்ணாடியில் உறைகிறது.
கைக்குட்டையால் ஒரு சின்ன வட்டம் துடைத்து
அதன் வழியே பார்க்கிறேன்,
சிவப்புப் புள்ளிகள்.
பொத்தானை அழுத்துகிறேன்.
"பதினொன்று இருக்கிறது.
மெதுவாகப் போ.
பதினொன்று."