சிவப்புக் கட்டம்

ஐந்து ரோட்டில், செல்போன் கடைக்கு மேலே என் மேசை.
கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டவணை.
அந்தமான்: பன்னிரண்டு கட்டங்கள்.
ஜனவரி தொட்டு ஏப்ரல் வரை பச்சை,
மே பாதிக்குப் பாதி,
ஜூனிலிருந்து சிவப்பு.
அது தீர்ந்ததும் வடகிழக்கு வந்துவிடும், அதற்கு மஞ்சள்.
இரண்டு மழைக்கு நடுவே மிஞ்சுகிற நாலு மாதத்தை
கூடுதல் விலைக்கு விற்கிறோம்.

நான் அங்கே போனதில்லை.
கடலின் நிறத்தை மட்டும்
மூன்று விதமாகச் சொல்லக் கற்றிருக்கிறேன்.

கத்திரி வெயிலில் ஒருநாள் அய்யந்துரை வந்தார்,
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை.
கூடவே அவர் மனைவி பூங்காவனம்.
நாற்காலி இருந்தும் உட்காரவில்லை,
ஏசிக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டார்கள்.
"தீவுக்குப் போகணுங்க. எந்த மாசம் நல்லது?"

பச்சையைக் காட்டினேன்.
அலை அடங்கிக் கிடக்கும்,
படகு நேரத்துக்குக் கிளம்பும்,
இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால்
கால்நகம் தெரியும் என்றேன்.

"காத்து?"

அதெல்லாம் இருக்காதுங்க, பயப்படாதீங்க.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்,
கடை மாறி வந்துவிட்டவர்களைப் போல.

பூங்காவனம்தான் சொன்னார்:
பட்டறையில் ஃபேன் போட முடியாது.
பொடி வைத்து ஊதுகையில் தீ அலையும்,
வெள்ளித் தூள் பறக்கும்,
பறக்கிறது முதலாளி காசு.
ஜன்னலுக்குச் சாக்கு.
கல்யாணம் ஆகி இருபத்தாறு வருசமாய்
பகலில் அவருக்குக் காற்று என்றால்
ஊதுகுழலில் அவரே ஊதுகிறது மட்டும்தான்.
"அதான், காத்து ஜாஸ்தியா அடிக்கிற மாசம் கேக்குறோம்."

ஒன்பது வருடமாக
காற்றிலிருந்து ஆட்களைத் தப்பவைப்பது என் பிழைப்பு.
அட்டவணையை அன்றைக்குத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருந்தது.
ஜூன் முடியாது, வைகாசி முகூர்த்தத்தின் பாக்கி ஆர்டர்.
செப்டம்பர் கூடாது, தீபாவளி வேலை தொடங்கிவிடும்.
அய்யந்துரை குனிந்து
சிவப்பின் நடுவில் விரலை வைத்தார்.
ரேகைக்குள் வெள்ளி ஏறிய விரல்,
எடுத்த பிறகும் கண்ணாடியில் மினுக்கென்றது.

ஆடி.
கல்யாணம் இல்லாத மாதம், கொலுசு கேட்பாரில்லை.
அம்மியையே தூக்கும் காற்றில்
விமான டிக்கெட் மட்டும் தரைக்கு வந்திருந்தது.
கோட்டை மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறது,
பண்டிகைக்குள் திரும்பிவிடணும் என்றார் பூங்காவனம்.
சரி, முதல் வாரம்.

படகு ரத்தானால் பணம் திரும்பாது என்ற வரியை
சத்தமாக, இரண்டு தடவை வாசித்தேன்.
"ரத்தாச்சுன்னா அங்கதானங்க இருப்போம்?"
என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாலாம் நாள் மதியம் போன்.
இரண்டு நாளாகப் படகில்லை என்று
போர்ட் பிளேயர் ஆள் காலையிலேயே சொல்லியிருந்தான்.
வருந்துகிறோம் என்று தொடங்கும் வாக்கியத்தை
நான் தயாராக வைத்திருந்தேன்.
எடுத்தால் குரலே இல்லை.
ஒரே இரைச்சல்,
நூறு லாரி தொப்பூர் இறங்குகிற மாதிரி.
நடுவில் எங்கோ தகரம் ஒன்று
விட்டு விட்டு அடித்துக்கொண்டது.

ஹலோ, ஹலோ என்று கத்தினேன்.
நெடுநேரம் கழித்து அய்யந்துரை:
"கேட்டுச்சுங்களா?"
அவர் தன் குரலைக் கேட்கவில்லை.
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தாராம்.

இங்கே கரண்ட் போயிருந்தது.
திறந்து கிடந்த ரசீதுப் புத்தகத்தில்
ஒரு தாள் அசையவில்லை.
அறைக்குள்ளேயே கிடக்கிறீங்களே, சங்கடமா இருக்கு என்றேன்.
"எதுக்குங்க?
ராத்திரியெல்லாம் கதவத் திறந்து போட்டுத்தான் படுத்தோம்.
ரூம்காரரு திட்டுறாரு."
பின்னால் பூங்காவனம் எதையோ சொல்லிச் சிரித்தார்,
பாதிச் சிரிப்பைக் காற்று கொண்டுபோனது.

"கொடியில போட்ட துண்டு போயிருச்சுங்க"
என்றார் அய்யந்துரை,
"புதுத் துண்டு",
லாபக் கணக்கு சொல்கிறவர் போல.