பாண்டி கோயிலில் மூன்று ஹெட்செட்

கம்பெனி ஹெட்செட்டின் பஞ்சு
கறுப்புச் செதிளாய் உதிர்கிறது.
இறங்கி வந்து முகம் கழுவினால்
காதோரம் அடுப்புக்கரி.
"சொந்தமா ஒண்ணு வாங்கும்மா.
பல் விளக்குற பிரஷ்ஷை இரவல் கேப்பியா?"
என்றார் கேப்டன் ரொட்ரிகோ,
தன்னுடையதை எனக்கு இரவல் தந்தபடி.

இன்னும் இரண்டு பேரிடம் கெஞ்சி, ஆக மூன்று.
துண்டில் சுற்றி வில்லாபுரம் கொண்டுவந்தேன்.
ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து.
சோதித்துப் பார்க்க அதைவிட இடம் ஏது?
பாண்டி கோயிலைச் சுற்றி ஏழெட்டு மண்டபம்,
மண்டபத்துக்கு நான்கு குழாய் ஸ்பீக்கர்,
குழாய்க்கு ஒரு பாட்டு,
நடுவில் ஒருவன் விடாமல்
ஹலோ மைக் டெஸ்டிங்.
எங்கள் சின்ன ஜெட்டின் காக்பிட்
இதற்கு முன்னால் நூலகம்.

முதலாவது, முந்நூற்று ஐம்பது கிராம்.
காதை முழுசாய் விழுங்கும் கிண்ணம்.
பொத்தானைத் தட்டியதும்
ஜெனரேட்டர் போச்சு, உறுமி போச்சு,
கண்மாயில் தலை முங்கியதுபோல் ஒரு நிம்மதி.
பந்திக்குக் கூப்பிடும் சித்தப்பா
மீன் மாதிரி வாயசைத்தார்.
இருபதாவது நிமிடம்
தோட்டின் திருகு காதுக்குப் பின்னால்
குழி தோண்ட ஆரம்பித்தது.
நான் போவதோ மதுரை, சென்னை, ராஜமுந்திரி,
மறுபடி சென்னை, மறுபடி மதுரை.
நாலு ஏற்றம், நாலு இறக்கம்.
புரொப்பல்லர் ஓட்டுகிறவர்கள் தாங்கட்டும்.

இரண்டாவது மலிவு.
வெயில் கண்ணாடியின் கம்பி நுழைந்த இடுக்கில்
சினிமாப் பாட்டு ஒழுகியது.
மைக்கும் சரியில்லை. வாட்ஸாப்பில் பதிந்து அனுப்பினேன்,
"பிரியாணி தீருதாம்" என்பது மட்டும் தெளிவாய்க் கேட்டதாம்
கூட ஓட்டும் ஷாநவாஸுக்கு.

மூன்றாவது கேப்டனுடையது.
நூற்று முப்பது கிராம், ஒரு கொத்து மல்லிகை எடை.
காதை மூடாது, காதின்மேல் உட்காரும்.
உறுமியைப் பாதிதான் தின்றது.
பரவாயில்லை, பாதி போதும் என்று
நினைத்துக்கொண்டிருந்தபோதுதான்
மாமன் மடி எங்கேயென்று கேட்டார்கள்.

எங்களுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.
சிவகங்கையிலிருந்து வந்த ஒன்றுவிட்ட மாமாவை
யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள்.
"அவ மடிதான்," என்று அக்கா என்னைக் கைகாட்டினாள்.
ஒரு நிமிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
அல்லது சொன்னார்கள், எனக்குக் கேட்கவில்லை.
ஆசாரி மட்டும் என் தலையைப் பார்த்து,
"இதென்ன, சினிமா கம்பெனியா?" என்றார்.

கழற்ற மறந்து உட்கார்ந்தேன்.
மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை,
என் தாடையில் ஒட்டியது.
கம்பி நுழைந்தது.

மோளம் மங்கியிருந்தது.
ஜெனரேட்டர் இல்லவே இல்லை.
ஆனால் அந்த வீல்
ஒரு இழை குறையாமல்
நேராக உள்ளே வந்தது.

கையேட்டில் படித்ததுதான்:
அடிக்குரலை அணைக்கும் இந்தக் கருவி,
கீச்சென்று எழுவதை விட்டுவிடும்.
எச்சரிக்கை மணி அப்படித்தான் வரவேண்டும்,
இன்ஜினைத் தாண்டி, என் தூக்கத்தைத் தாண்டி.
படித்தபோது பரீட்சைக்காகப் படித்தேன்.
மடி நனைந்து உட்கார்ந்திருக்கையில்
அது வேறு மாதிரி இருந்தது.

இரண்டாவது காதுக்குக்
கழற்றிவிட்டேன்.

அன்றிரவே ஆர்டர் போட்டேன், பன்னிரண்டு தவணை.
தோடு இனி சட்டைப் பையில்தான் பறக்கும்;
அம்மாவிடம் சொல்லவில்லை.
டெலிவரி வியாழக்கிழமையாம்.
இன்று காலை ஆறு ஐந்துக்கு
ஓடுபாதை முனையில் நின்று பேசியபோது
டவர்ப் பெண் கேட்டாள்,
"சத்தம் வருதே, என்ன அது?"
பழைய பஞ்சு, மேடம்.
கன்னத்தில் ஒரு செதிள் விழுந்தது.
திருப்பரங்குன்றத்தின் மேல்
இன்னும் வெளிச்சம் ஏறவில்லை.