செல்விக்கு முன்னால்

ஜி.ஏ. ரோட்டில், பாத்திரக்கடைக்கு மேலே
ஒரு கம்ப்யூட்டர், நான்,
கொக்கியில் தொங்கும் நூற்றெழுபது மாதிரி அட்டைகள்.
பிள்ளையாருக்கு ஒரு விலை, சிலுவைக்கு ஒரு விலை,
பிறைக்கு வெள்ளி ஃபாயில் சேர்த்து.
வாசகம் மட்டும் இலவசம்.

அதனால்தானோ என்னவோ
அட்டையைப் பொறுக்க ஒரு மணி நேரம் எடுப்பவர்கள்
வாசகத்துக்கு வந்ததும்
"வழக்கமா போடறத போடும்மா" என்பார்கள்.

வழக்கமாகப் போடுவது என் விரலுக்குத் தெரியும்.
நிகழும் மங்களகரமான என்று தொடங்கினால்
சுற்றமும் நட்பும் சூழ வரைக்கும்
டீ ஆறுவதற்குள் வந்துவிடுவேன்.
ஒரே ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்பேன்:
பொண்ணுக்குக் கீழ யாராவது இருக்காங்களா?

இருந்தால் திருவளர்ச்செல்வி.
இன்னும் கல்யாணம் பாக்கியிருக்கிற வீடு.
கடைசி என்றால் திருநிறைச்செல்வி.
நிறைந்தாயிற்று, பந்தலைப் பிரிக்கலாம்.
என் அட்டையில் அப்பா திருநிறை போட்டுவிட்டார்.
தம்பி மூன்று நாள் சாப்பிடவில்லை.
"அப்ப நான் யாரு?"

காசிமேட்டிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள்.
அஞ்சலாட்சி அம்மாள், அவர் புருஷன் தேசப்பன்,
தாய்மாமன், கல்யாணப்பெண் பவானி.
ஏலம் முடிந்து நேரே வந்த ஈரம்
புடவைக் கரையில் இருந்தது.

கேட்டேன்.
மாமன் "இல்ல" என்றார்.
அம்மாள் "கீறான்" என்றாள்.
இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

டில்லிபாபு.
நாலு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் போன லாஞ்சு.
ஏழு பேர். நெல்லூர்ப் பக்கம்
ஆறு பேரைக் கரை சேர்த்தார்கள்.

"ஏழு வருஷம் ஆவணும்மா,
அப்பதான் சர்ட்டிபிகேட்டே குடுப்பான்."
மாமன் என்னைப் பார்த்து
தங்கைக்குச் சொன்னார்.
கவர்மெண்டுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது.
எனக்கு வியாழக்கிழமை வரைக்கும்.

"திருநிறைன்னா நல்ல வார்த்தைதான?"
அப்போதுதான் தேசப்பன் வாயைத் திறந்தார்.
நல்ல வார்த்தைதான் என்றேன்.
"வளர்னு போட்டா ஊரு கேக்கும்" என்றார் மாமன்.
"கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

கர்சர் செல்விக்கு முன்னால்
வந்து வந்து போனது.

"வெறும் செல்வின்னே போடுங்க."
பவானி.
"மாப்ள வூட்ல இன்னா வெறும் செல்வின்னு கேப்பாங்கடி."
"அவருக்கும் வெறும் செல்வன் போடட்டும்.
நான் பேசிக்கிறேன்."
படிக்கட்டில் போய் நின்று, அப்போதே பேசினாள்.
அந்தப் பக்கம் என்ன சொன்னானோ,
உள்ளே வந்து தலையை ஆட்டினாள்.

முடிந்தது என்று நினைத்து பிரிண்ட் எடுத்தேன்.
தேசப்பன் கண்ணாடி கொண்டு வரவில்லை.
மாமன் சத்தமாகப் படித்தார்.
மண்டபம் காலடிப்பேட்டை, சரி.
காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், சரி.
கீழே, தங்கள் வரவை எதிர்நோக்கும்,
அதற்கும் கீழே பெரியப்பாக்கள், அத்தைகள்,
அவர் பெயர் மட்டும் இரண்டு இடத்தில்.

அஞ்சலாட்சி அம்மாள் விரலை வைத்தாள்.
செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்த விரல்,
எதிர்நோக்கும் என்ற சொல்லுக்கு நேர் கீழே.
"இங்க போடு. டில்லிபாபுன்னு.
முன்னாடி ஒண்ணும் போடாத."

மாமன் ஏதோ சொல்ல வந்தார்.
பிறகு தன் இரண்டாவது பெயரைத் தட்டிக் காட்டி
"அத்த எட்த்துட்டு அந்த எடத்துல போடும்மா" என்றார்.

ஐந்நூறு அட்டை. மஞ்சள் தடவ நாலு மூலையிலும் இடம்.
கவருக்குத் தேசப்பன் இருபது ரூபாய் குறைக்கச் சொன்னார்.
குறைத்தேன்.

அவர்கள் இறங்கும்போது
கொருக்குப்பேட்டைக்காரர் ஒருவர் ஏறி வந்தார்,
மகளுக்குக் கல்யாணம், தை மாசம்.
உட்காரச் சொன்னேன்.
அந்தக் கேள்வியை
வேறு மாதிரி கேட்கப் பார்த்தேன்.
வேறு மாதிரி வரவில்லை.