கரண்ட்

ஊர்ப் பெயரிலேயே கரண்ட் இருக்கிறது என்று
முதல் வாரம் அக்காவிடம் போனில் சிரித்தேன்.
ஸ்விஃப்ட் கரண்ட், சஸ்காட்செவன்.
"அப்போ அங்கே கட் ஆகாதுல்ல?" என்றாள்.

மார்ச். இரவு இரண்டு பத்து. மைனஸ் இருபத்தெட்டு.
பதினொரு காற்றாடிகளும் நின்றுவிட்டன,
கை தூக்கியபடியே உறைந்துபோன வகுப்பு மாதிரி.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள்.
சரி, தூற்றினோம். நேற்று முழுக்க
தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்தோம்,
அதே காற்றிலிருந்து நைட்ரஜனும்.
இரண்டையும் இரும்புப் படுக்கையில் சேர்த்துவைத்தால்
அமோனியா. மூக்கை எரிக்கும், கோதுமைக்குப் பிடிக்கும்.
காற்று நின்றால் என்ன செய்வதென்று
அந்தப் பழமொழிக்குத் தெரியாது.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மின்பகுப்பு அடுக்குகளை இறக்குகிறேன்.
ஆறு. ஐந்து. நான்கு.
பேட்டரியை நம்பி ஒன்றை மட்டும் விடுகிறேன், மூச்சுக்கு.
தொட்டியில் இருக்கும் ஹைட்ரஜன்
சிக்கனமாக விட்டால் விடியும்வரை வரும்.
உலையின் சூடு இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.
இறங்கினால் மறுபடி ஏற்ற ஒன்றரை நாள்.
"தூங்குகிற பிள்ளை அது," என்பாள் ரோவேனா,
"எழுப்பாதே, தனியாகவும் விடாதே."

முன்பு எரிவாயு ஆலையில் இருந்தேன்.
குழாய் ஒருநாளும் எங்களைக் காக்கவைத்ததில்லை.
புகைபோக்கி இரவெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது;
யாரும் காது கொடுக்கவில்லை, நானும்தான்.
இங்கே கூரைக் குழாயில் வெளியேறுவது ஆக்சிஜன்,
தன்பாட்டுக்கு.

நாலு மணிக்கு ஃப்ரீசன் கூப்பிட்டார்.
ஆயிரத்து இருநூறு ஏக்கர், ஆலையில் சிறு பங்கு.
மாடுகள் கன்று போடும் பருவம், அவருக்கும் தூக்கமில்லை.
"மே மாதத்துக்குள் என் தொட்டி நிறையுமா?"
நிறையும் என்று வாய் வரை வந்தது.
"உங்கள் பக்கம் காற்று இருக்கிறதா?" என்று கேட்டேன்.
கதவு திறக்கும் சத்தம். எங்கோ ஒரு நாய்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
"தொப்பி பறக்கவில்லை," என்றார்,
"ஆனால் கொட்டகைத் தகரம் லேசாக முனகுகிறது."

அவர் இருப்பது மேற்கே, நாற்பது கிலோமீட்டர்.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
டீக்குக் கெட்டில் போட்டு, உடனே அணைத்தேன்.
அந்தச் சொட்டுக் கரண்டில் எதுவும் குறையாது, தெரியும்.
இருந்தாலும்.

ஐந்து இருபதுக்கு, சாம்பல் வெளிச்சத்தில்,
ஏழாம் எண் காற்றாடி
தூக்கிய கையை மெல்ல அசைத்தது.

"ம், சொல்லு," என்றேன்
ஜன்னலைப் பார்த்து.